தரைக்குக் கீழே கிரீன்ஸ்பர்க்

கான்சாஸ் மாநிலத்து கிரீன்ஸ்பர்க்கில் 1887-இல் கிணறு வெட்ட ஆரம்பித்தபோது ஊர் என்று சொல்லிக்கொள்ள அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. கிழக்கேயிருந்து நிலம் தேடி வண்டி கட்டி வந்த குடும்பங்கள், அவர்களை நம்பிக் கடை போட்டவர்கள், ரயில் வரப்போகிறது என்ற பேச்சு, அவ்வளவுதான். ரயில் இஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும், ஊருக்கும் வேண்டும். எனவே 32 அடி விட்டத்தில் ஒரு வட்டக் கிணற்றைக் கையாலேயே வெட்டினார்கள். பன்னிரண்டு பதினைந்து பேர் கொண்ட குழுக்கள். உழவர்கள், மாடு மேய்த்தவர்கள், அந்த மாதம் வேறு பிழைப்பு கிடைக்காதவர்கள். கூலி நாளுக்கு அரை டாலரிலிருந்து ஒரு டாலர் வரை. குந்தாலி, மண்வாரி, பாதியாக அறுத்த பீப்பாய், கயிறு, கப்பி, இவைதான் கருவிகள். மண் சரியாதிருக்க 12 அடிக்கு ஒருமுறை குறுக்கே பலகை முட்டுக் கொடுத்துக்கொண்டே இறங்கினார்கள். தெற்கே 12 மைல் தள்ளி மெடிசின் ஆற்றுப் பக்கமிருந்து கல் வந்தது. கல் கட்டு எழும்பிய பிறகு முட்டுகளை அறுத்தெடுத்தார்கள். மேலே வந்த மண்ணையும் வீணாக்கவில்லை. அடிப்பலகையைத் திறந்தால் தானாகக் கொட்டும் வண்டிகளில் ஏற்றிப்போய் ஊர்த் தெருக்களின் பள்ளங்களில் நிரப்பினார்கள். 1888-இல், 109 அடி ஆழத்தில் வேலை முடிந்தது.

கையால் வெட்டியவற்றில் உலகிலேயே பெரிய கிணறு இதுதான் என்று சாலை நெடுகிலும் பலகை வைத்திருக்கிறார்கள். பல்லடம் பக்கத்தில் பிறந்தவளுக்கு அதைப் படித்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். மாடு பூட்டிக் கவலை இறைத்த எங்கள் ஊர்த் தோட்டத்துக் கிணறுகளில் இதைவிட அகலமானவை நான் அறியவே பல உண்டு. எல்லாம் ஆள் இறங்கி வெட்டியவை, எதற்கும் பலகை கிடையாது. ஆனால் கிணறு வெட்டிய கூலியையும் மண் போன இடத்தையும் கல் வந்த ஆற்றையும் எழுதி வைத்திருக்கிறார்களே, அந்த அக்கறையில் நாங்கள் அவர்களுக்குப் பக்கத்திலும் நிற்க முடியாது. எங்கள் கிணறுகளை வெட்டியவர்களின் கூலி எந்த ஏட்டிலும் இல்லை.

இந்தக் கிணற்றிலிருந்து 1932 வரை ஊர் முழுவதும் குடித்தது. பிறகு மூடி போட்டு, படிக்கட்டில் விளக்கு வைத்து, சில்லறை வாங்கிக்கொண்டு ஆட்களைக் கீழே இறக்கினார்கள். விசிட்டாவிலிருந்து மேற்கே 54-ஆம் எண் நெடுஞ்சாலையில் போகும் எந்தக் குடும்பமும் பிள்ளைகளின் நச்சரிப்பு தாங்காமல் அங்கே வண்டியை நிறுத்தியிருக்கும். விசிட்டாவில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. அங்கே உள்ளூர்க்காரர் யாரிடம் கிரீன்ஸ்பர்க் என்றாலும் முதலில் இந்தப் படிக்கட்டைத்தான் சொல்வார்கள். 2007-க்குப் பிறகு வந்தவர்களுக்கு மட்டும் அது டொர்னேடோ அடித்த ஊர்.

அந்த ஊருக்கு நான் போனதும் கிணற்றைப் பார்க்கத்தான். புயலைப் பற்றி எழுதும் எண்ணமே இல்லை. ஆனால் அங்கே கிணற்றையும் புயலையும் தனித்தனியாகப் பேச முடியாது.

ஊருக்குப் பெயர் தந்தவர் டி. ஆர். கிரீன். ரயிலுக்கு முன்னால் குதிரை வண்டி ஓட்டிய முதலாளி. வேகத்துக்காகப் பீரங்கிக் குண்டு என்றே அவருக்குப் பட்டப்பெயர். மதுக்கடைகளைக் கோடரியால் உடைத்துப் பேர் வாங்கிய கேரி நேஷன் ஒருமுறை அவர் வண்டியில் ஏறி, அவர் வாயிலிருந்த சுருட்டைப் பிடுங்கி எறிந்ததாகவும், அவர் அந்த அம்மையாரை நடு வழியில் இறக்கிவிட்டுப் போய்விட்டதாகவும் ஒரு கதை சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, ஊரார் அதை விடுவதாக இல்லை. எனக்கு கிரீனைவிட எலைசா கிம்பர்லி என்ற விவசாயியின் மனைவியைத்தான் பிடிக்கும். கயோவா மாவட்டத்து வயல்களில் ஏரில் இடறிய கறுத்த கனத்த கற்களை 1880-களில் அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்தார். இவை வானத்திலிருந்து விழுந்தவை என்று கல்லூரிப் பேராசிரியர்களுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். கணவரும் அண்டை வீட்டாரும் சிரித்தார்கள். 1890-இல் டொபீகாவின் வாஷ்பர்ன் கல்லூரியிலிருந்து கிராகின் என்ற பேராசிரியர் வந்து பார்த்துக் கற்களை விலை கொடுத்து வாங்கியதும் சிரிப்பு நின்றது. விண்கல்லேதான். இரும்பும் மஞ்சள் பச்சைப் படிகமும் கலந்த அரிய வகை. அதுவரை ஊரார் அந்தக் கற்களை எதற்கு வைத்திருந்தார்கள் தெரியுமா? மழைநீர்ப் பீப்பாயின் மூடியும் தொழுவத்துக் கூரையும் காற்றில் பறக்காமலிருக்கப் பாரமாக. 1949-இல் மண்ணுக்கடியிலிருந்து எடுத்த ஆயிரம் பவுண்டுக் கல் ஒன்று பின்னாளில் கிணற்றையொட்டிய காட்சிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது.

காற்று என்றால் அந்தச் சமவெளியில் சாதாரணக் காற்றே அப்படி. வீடு கட்ட மரம் இல்லாததால் முதலில் வந்த குடும்பங்கள் பலவும் மேட்டுச் சரிவைக் குடைந்து, மேலே புல்கட்டிக் கூரை போட்டுக் குடியிருந்தன. பிறகு பலகை வீடு வந்தது. பழைய பொந்து உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் ஊறுகாய் ஜாடியும் வைக்கும் நிலவறையாயிற்று. கோடை கொதிக்கும், குளிர்காலத்தில் தரை இறுகும், இரண்டுக்கும் மண்ணடி அறை உதவியது. மே மாதம் வந்தால் அதே அறை உயிர் காக்கும் இடம். ஃபிராங்க் பாம் எழுதி 1900-இல் வெளிவந்த ஆஸ் மந்திரவாதிக் கதையில் டோரத்தியின் ஒற்றை அறை வீட்டுத் தரையில் ஒரு கதவு உண்டு, அதைத் திறந்தால் ஏணி, கீழே ஒரு குழி. கதாசிரியரின் கற்பனை இல்லை அது, சமவெளியில் பல வீடுகளில் இருந்ததுதான். தோட்டத்தில் தனியே சாய்வுக் கதவு வைத்துக் கட்டியதும் உண்டு. இன்றைக்கும் பெரியவர்கள் கேலியாக அதைப் பயந்தாங்கொள்ளிப் பொந்து என்பார்கள். கேலி செய்துகொண்டே முதல் ஆளாக இறங்குவார்கள்.

பொந்து இருந்தது. எப்போது இறங்குவது என்பதைச் சொல்லத்தான் ஆள் இல்லை. சொல்ல முயன்ற ஒருவர் இருந்தார். ஜான் பார்க் ஃபின்லி, ராணுவத்தின் சமிக்ஞைப் படையில் இருந்த இளைஞர். 1879 மே கடைசியில் கான்சாஸையும் பக்கத்து மாநிலங்களையும் டொர்னேடோக்கள் அடித்துப் போனபோது, அழிந்த ஊர்களுக்கு நேரே போய்ப் பார்த்து எழுதும் வேலை அவருக்கு வந்தது. எந்த வீடு எந்தப் பக்கம் விழுந்தது, மரம் எந்தத் திசையில் சாய்ந்தது, மேகம் எப்படி இருந்தது என்று குறித்தார். பிறகு நாடெங்கும் நூற்றுக்கணக்கான தன்னார்வலர்களைச் சேர்த்து, எந்த நாளில் எந்தப் பகுதியில் டொர்னேடோ வரக்கூடும் என்று முன்கூட்டிக் கணிக்கவும் பார்த்தார். அழிவின் இடத்துக்குப் போய் நோட்டுப் புத்தகத்துடன் நிற்கும் தொழிலை அமெரிக்காவில் தொடங்கி வைத்தவர் என்று அவரைச் சொன்னால் மிகையில்லை. மேலதிகாரிகளுக்கோ வேறு கவலை. அந்தச் சொல்லைக் கேட்டாலே ஜனங்கள் கலவரப்படுவார்கள் என்று 1880-களின் பிற்பகுதியில் வானிலை முன்னறிவிப்புகளில் டொர்னேடோ என்று எழுதுவதையே தடுத்துவிட்டார்கள். கிரீன்ஸ்பர்க்கில் கிணறு ஆழமாகிக்கொண்டிருந்த அதே காலம். தடை நீங்கியது 1938-இல். ஐம்பது வருடம்! மக்களின் பயத்துக்குப் பயந்து அவர்களைச் சாகவிட்ட காரியம் என்றுதான் இதைப் பார்க்கிறேன்.

தடை நீங்கியும் உடனே எதுவும் மாறிவிடவில்லை. 1948 மார்ச் 20 அன்று ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தை ஒரு டொர்னேடோ நாசமாக்கியது. ஃபாபுஷ், மில்லர் என்ற இரண்டு ராணுவ வானிலை அதிகாரிகளைக் கூப்பிட்டு, இனி முன்கூட்டிச் சொல்ல வழி பாருங்கள் என்றார் தளபதி. ஐந்தாம் நாள் வானிலைப் படத்தில் அதே அமைப்பு தெரிய, தயங்கித் தயங்கி எச்சரிக்கை விட்டார்கள். அன்று மாலையே அதே தளத்தில் மறுபடியும் அடித்தது. டொர்னேடோவை முன்கூட்டிச் சொல்லிப் பலித்த முதல் கணிப்பு என்று அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அதற்கும் பிறகுதான் யூடால். விசிட்டாவுக்குத் தென்கிழக்கே சின்ன ஊர், சில நூறு பேர். 1955 மே 25, இரவு பத்தரை மணி. எச்சரிக்கை அந்த ஊருக்கு வந்து சேரவில்லை, ஜனங்கள் படுத்துவிட்டார்கள். இறந்தவர்கள் சுமார் 80 பேர். கான்சாஸில் ஒரே டொர்னேடோவில் இத்தனை பேர் செத்தது அதற்கு முன்னுமில்லை, பின்னுமில்லை. இந்தப் பகுதியில் அபாயச் சங்கும், மேகத்தை வேவு பார்க்கும் தன்னார்வலர்களும், பின்னால் ரேடாரும் ஊர் ஊராக வந்ததற்கு யூடாலின் கல்லறைகளுக்கும் பங்குண்டு. விசிட்டாவில் திங்கட்கிழமை நண்பகலில் சங்கை ஊதிப் பார்ப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் மேசைக்கடியில் புகப் பார்த்தேன். யாரும் சாப்பாட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

இனி கிரீன்ஸ்பர்க்கின் இரவு. 2007 மே 4, வெள்ளிக்கிழமை. தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று தரையோடு ஏறி வருகிறது, மேற்கே பீடபூமியிலிருந்து வறண்ட காற்று. உயரே வேகமாக ஓடும் காற்றின் திசையும் வேகமும் கீழுள்ளதிலிருந்து வேறுபட்டிருந்தால், எழும்பும் இடிமேகம் மொத்தமாகச் சுழலத் தொடங்கும். அன்று அப்படித்தான் ஆயிற்று. டாட்ஜ் சிட்டி வானிலை அலுவலகம் ரேடாரில் பார்த்து எச்சரித்தது. டொர்னேடோ ஊரைத் தொடுவதற்கு இருபது நிமிடத்துக்கு மேல் இருக்கும்போதே சங்கு ஊதியது. தொலைக்காட்சியில் பதற்றத்தோடு சொல்லிக்கொண்டேயிருந்தார்கள். இரவு ஒன்பதே முக்கால் மணி வாக்கில் தெற்கேயிருந்து ஏறி வந்தது. அகலம் 1.7 மைல், ஊரின் அகலத்தைவிட அதிகம். ஒதுங்கிப் போக இடமில்லை. ஊரில் 95 சதவீதம் போயிற்று, மிச்சத்திலும் பழுதில்லாத கட்டடம் அரிது.

காற்றின் வேகம் மணிக்கு 205 மைல் என்று மதிப்பிட்டார்கள். இது கருவி வைத்து அளந்த கணக்கு அல்ல, மறுநாள் வந்து இடிபாட்டைப் படித்துச் சொன்ன கணக்கு. இந்த வாசிப்பை முறைப்படுத்தியவர் டெட்சுயா ஃபுஜிதா. 1945-இல் நாகசாகியில் அணுகுண்டு விழுந்த இடத்தைப் போய் ஆராய்ந்த அதே ஜப்பானியர்தான், அமெரிக்கா வந்து 1971-இல் டொர்னேடோக்களைத் தரம் பிரித்தார். ஃபின்லி நேரில் போய்ப் பார்த்த சாய்ந்த மரங்களை இவர் சிறு விமானத்திலிருந்து படம் எடுத்தார். அந்த அளவுகோலைத் திருத்தி 2007 பிப்ரவரியில்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். திருத்திய அளவின் உச்சப் படியான ஐந்தை முதலில் வாங்கிய ஊர் கிரீன்ஸ்பர்க்.

இறந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். சிறிய எண் இல்லை. எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊர் அது. ஆனாலும் யூடாலின் எண்பதுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே மே மாதம், அதே இருட்டு, ஊர் இரண்டு பங்கு பெரிது. சங்கு ஊதியது ஒரு காரணம். ஊதியதும் இறங்க வீட்டுக்கு வீடு கீழே ஓர் அறை இருந்தது இன்னொரு காரணம். சங்கைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள், அறையைப் பற்றி யாரும் அவ்வளவாக எழுதுவதில்லை. தெற்கே ஓக்லஹோமாவில் நிலைமை வேறு. களிமண் என்றும் ஈரம் என்றும் காரணம் சொல்லி நிலவறை இல்லாமலேயே வீடுகளைக் கட்டித் தள்ளினார்கள். அங்கே மூர் என்ற ஊரில் 2013 மே 20 அன்று, புயலறை இல்லாத ஒரு தொடக்கப் பள்ளியில் ஏழு குழந்தைகள் இறந்தார்கள். முன்னெச்சரிக்கை அங்கும் கிடைத்திருந்தது.

கிணற்றுக் காட்சிக்கூடத்தின் வாசலில் ஒரு மூதாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். பேரப் பிள்ளைகளைக் கீழே இறக்கிவிட்டு, முழங்கால் வலியென்று மேலேயே உட்கார்ந்திருந்தார். தண்ணீர்ப் பரிசோதனைதான் என் பிழைப்பு என்றதும் அவர்தான் கேள்வி கேட்டார்: உங்கள் ஊரில் எத்தனை அடியில் தண்ணீர்? ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடியைத் தாண்டிவிட்டது என்றேன். நம்பவில்லை. ஓகலாலா என்ற மாபெரும் நிலத்தடி நீர்ப்படுகையின் மேல் உட்கார்ந்திருப்பவர் அவர். அங்கும் மக்காச்சோளத்துக்கு இறைத்து இறைத்து மட்டம் இறங்கிக்கொண்டிருக்கிறது, அது வேறு கதை. அதன்பின் அவராகவே அந்த இரவைப் பற்றிச் சொன்னார். டொர்னேடோ ரயில் மாதிரி இரைந்தது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், தனக்கு இரைச்சல் நினைவில்லை என்றார். காது இரண்டும் அடைத்து வலித்ததுதான் நினைவிருக்கிறதாம். கணவரும் அவரும் பக்கத்து வீட்டுக்காரர்களும் ஒரு நாயும் கீழே. மேலே வீடு கிளம்பிப் போனது தெரியவே இல்லை. மூச்சில் சமையல் வாயு நாற்றம் ஏறியபோதுதான் தெரிந்ததாம். ஏறி வந்தால் தெரு இல்லை. ஊரில் அறுபது வருடம் இருந்தவர், எந்தப் பக்கம் வடக்கு என்று மின்னல் வெளிச்சத்தில் தேடினார். தானியக் குதிரின் கான்கிரீட் கோபுரம் நின்றிருந்தது. அதை வைத்துத்தான் திசை பிடித்தாராம். அன்றிரவே ஊரைக் காலி செய்து பக்கத்து ஊர்களுக்கு அனுப்பிவிட்டார்கள். வீடு இருந்த இடத்தைத் திரும்பி வந்து பார்க்க நாள்கள் ஆயின.

கிணற்றின் மேலிருந்த காட்சிக்கூடம் தரைமட்டமாயிற்று. விண்கல் திருடு போய்விட்டதோ என்று தேடினார்கள். விழுந்த சுவருக்கடியில் கிடந்தது. கிணற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2012-இல் திறந்த புதிய கட்டடத்தில் நல்ல சுருள் படிக்கட்டு வைத்திருக்கிறார்கள், ஆனால் நான் இறங்கியபோது படிக்கட்டைப் பார்க்கவில்லை, கல் கட்டைத்தான் பார்த்தேன். சுண்ணாம்புப் பூச்சில்லை, அலங்காரமில்லை, 1888-இன் கைவேலை.

மேலே கதை வேறு திசையில் போயிற்று. பெயரிலேயே பசுமை இருக்கிறது, ஊரையே பசுமையாகக் கட்டுவோம் என்றார்கள். 2007 டிசம்பரில் நகர மன்றம் தீர்மானம் போட்டது: 4000 சதுர அடிக்கு மேற்பட்ட நகராட்சிக் கட்டடம் எல்லாம் பசுமைக் கட்டடங்களுக்கான உச்சத் தரமான லீட் பிளாட்டினத்தில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் அப்படித் தீர்மானித்த முதல் ஊர். மருத்துவமனை, பள்ளி, நகர மன்றம் எல்லாம் எழுந்தன. கான்சாஸ் பல்கலைக்கழகக் கட்டடக்கலை மாணவர்கள் ஒரு கலைக்கூடத்தைத் துண்டு துண்டாகச் செய்து லாரியில் கொண்டுவந்து பொருத்தி, புயல் அடித்த தேதியையே பெயராக வைத்தார்கள். ஊருக்கு வெளியே பத்துக் காற்றாலைகள், 12.5 மெகாவாட். நாசம் செய்த காற்றையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள் என்று எழுதாத பத்திரிகை இல்லை. லியனார்டோ டிகாப்ரியோ தயாரிப்பில் தொலைக்காட்சித் தொடர் வந்தது. ஜனாதிபதி புஷ் அடுத்த மே மாதம் பள்ளிப் பட்டமளிப்புக்கு வந்தார்.

இதில் எதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் கட்டடங்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் கணக்கு ஒன்று இடிக்கிறது. 1960-களில் ஊரில் ஏறக்குறைய 2000 பேர். 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1574. புயலுக்குப் பின் 2010-இல் 777. 2020-இல் 740. பசுமை நகரம் என்று உலகமே வந்து பார்த்த பத்தாண்டில் ஊர் வளரவில்லை, பாதியிலேயே நின்றுவிட்டது. வயலில் பெரிய பெரிய இயந்திரம் வந்து ஆள் தேவை குறைந்ததால் டொர்னேடோவுக்கு முன்பே அது சுருங்கிக்கொண்டிருந்த ஊர். பழைய வீட்டின் மதிப்புக்குக் காப்பீடு கிடைத்தது, அந்தப் பணத்தில் புது வீடு எழும்பாது. எழுபது வயதுக்காரர் எதற்காகக் கடன் வாங்குவார்? மகன் இருக்கும் விசிட்டாவுக்கோ மகள் இருக்கும் பிராட்டுக்கோ போய்விட்டார். பாராட்டுக் கட்டுரைகள் கட்டடங்களை எண்ணின, வராதவர்களை எண்ணவில்லை.

அந்த மூதாட்டி திரும்பி வந்து கட்டியவர்களில் ஒருவர். புது வீடு பழையதில் பாதிதான் என்றார். கணவர் காலமாகிவிட்டார், பெரிய வீட்டைப் பெருக்க முடியாது. நிலவறை மட்டும் பழைய அளவுக்குக் குறையாமல் கேட்டு வாங்கினாராம், ஒப்பந்தக்காரர் முணுமுணுத்தும். உள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள் என்றேன். தக்காளி ஜாடி, தண்ணீர், ரேடியோ, விசில், சைக்கிள் ஓட்டும் தலைக்கவசங்கள் என்று அடுக்கினார். கூடவே ஆளுக்கு ஒரு ஜோடி காலணி. அன்றிரவு வெறுங்காலோடு இறங்கியவர்கள் ஏறி வந்தபோது கண்ணாடியிலும் ஆணியிலும் மிதித்துப் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறாராம். பெரியவர்களுக்குப் பழைய ஜோடியே போதும். பேரப் பிள்ளைகளுடையதை மட்டும் மார்ச் பிறந்ததும் எடுத்துப் போட்டுப் பார்த்து, சிறிதாகியிருந்தால் மாற்றுவார். இந்த வருடம் நடுப் பையனுக்கு இரண்டு அளவு கூடிவிட்டதென்று அலுத்துக்கொண்டார்.